வடக்குப் பஸ்ஸா, தெற்குப் பஸ்ஸா: உயிரியல் படிக்கப் புறப்படும் பிள்ளைகளுக்கு

சிவகிரி பேருந்து நிலையத்தில் நின்று, உயிரியல் படிக்க எங்கே போகலாம் என்று யோசிக்கிற பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது. வடக்கே போகிற பஸ்ஸில் ஏறினால் சுமார் 20 கிலோமீட்டரில் ராஜபாளையம். அது விருதுநகர் மாவட்டம். அங்குள்ள கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தெற்கே வாசுதேவநல்லூர், புளியங்குடி வழியாகத் தென்காசிக்குப் போனாலும், கிழக்கே சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்குப் போனாலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லை. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது கன்னியாகுமரி வரைக்கும் அதற்குள்தான் இருந்தது. 1990இல் தெற்குப் பகுதி பிரிந்து தனிப் பல்கலைக்கழகம் ஆனது. பிரித்த கோடு நம் ஊருக்குச் சற்று வடக்கே ஓடுகிறது. இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களும் நமக்குப் பக்கம். இரண்டையும் நேரில் போய்ப் பார்த்து, ஒப்பிட்டு, பிறகு சேரலாம்.

ஆனால் அப்படிப் பார்த்துச் சேர்கிறவர்கள் குறைவு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம் யாராவது ஒரு தகப்பனார் பிள்ளையோடு வீட்டுக்கு வருவார். "நீட்டுல மார்க் பத்தல சார். பயோடெக்ல சேத்து விட்டுறலாமா? பயோமெடிக்கல்னு ஒண்ணு இருக்காமே, அதப் படிச்சா ஆஸ்பத்திரியில வேல உண்டாம்லா?" என்பார். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். இந்த அத்தியாயத்தை அந்தத் தகப்பனாருக்கும் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நீட் பேச்சை முடித்துவிடுவோம். மருத்துவம்தான் வேண்டும், இன்னொரு முறை எழுதப்போகிறேன் என்று உங்களுக்குள் உறுதி இருந்தால் அந்த ஓர் ஆண்டை அதற்கே கொடுங்கள். பி.எஸ்சி.யில் பெயரைப் போட்டுவிட்டு, வகுப்பில் உட்கார்ந்து நீட் புத்தகம் படித்து, முதலாமாண்டுச் செய்முறை வகுப்புகளைக் கோட்டைவிட்டவர்கள் இரண்டையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த உறுதி இல்லையென்றால், உயிரியலை மிச்சம் கிடைத்த படிப்பாக நினைத்துக்கொண்டு வராதீர்கள். 2012இல் நம் பக்கத்தில், கடையநல்லூரை மையமாக வைத்து டெங்கு பரவியது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காய்ச்சல் வார்டில் மருத்துவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று. சிமெண்ட் தொட்டியிலும் டிரம்மிலும் ஆட்டுரல் குழியிலும் டார்ச் அடித்துப் பார்த்து, எந்தத் தெருவில் எந்தக் கொசுவின் புழு எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று கணக்கெடுப்பது இன்னொரு வேலை. அதற்கு விலங்கியல் தெரிந்த பூச்சியியல் ஆட்கள் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குப் புதுச்சேரியில் நோய் பரப்பும் பூச்சிகளுக்கென்றே 1975இல் தொடங்கிய ஆய்வு மையம் இருக்கிறது. அதன் கிளை மதுரையில் இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பூச்சியியல் என்ற எம்.எஸ்சி. படிப்பையே புதுச்சேரியில் நடத்துகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பது தெரியும்?

பட்டத்தின் பெயர்

இந்த அத்தியாயத்தில் நான் அதிக நேரம் நிற்கப்போவது இங்கேதான். பிள்ளைகள் ஏமாந்துபோவது பெரும்பாலும் பெயரில்தான்.

பயோமெடிக்கல் என்ற சொல்லை மூன்று வேறு படிப்புகளுக்குச் சொல்கிறார்கள். பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் என்பது பி.இ.; ஸ்கேன் கருவி, வென்டிலேட்டர் போன்றவற்றின் பொறியியல். பிளஸ் டூவில் கணக்கு வேண்டும், பொறியியல் கலந்தாய்வு வழியாகச் சேர வேண்டும். மருத்துவமனை லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் வேலைக்கு உரியது மெடிக்கல் லேப் டெக்னாலஜி. அது மருத்துவம் சார்ந்த துணைப்படிப்பு, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. மூன்றாவதுதான் பயோமெடிக்கல் சயின்ஸ். உடல் எப்படி இயங்குகிறது, நோயில் எங்கே பிசகுகிறது என்பதைச் செல், மரபணு, புரதம் என்ற அளவில் ஆராயும் அறிவியல். இதை முடித்தவுடன் ஆஸ்பத்திரியில் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது ஆய்வுக்கூடத்துக்கான பாதை. பெரும்பாலும் எம்.எஸ்சி.யில்தான் தனிப் படிப்பாக நிற்கிறது. வந்த தகப்பனாருக்கு இதை நான் பொறுமையாக, ஒவ்வொன்றாகத்தான் சொல்வேன். ஏனென்றால் அவர் விற்கப்போவது ஒரு போகத்து நெல்லாக இருக்கும்.

அடுத்து பி.எஸ்சி. பெயர்கள். விலங்கியல், தாவரவியல் என்றால் பழைய படிப்பு, பயோடெக்னாலஜி என்றால் புதுசு என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பம் போடும் நாளில் இந்தப் பெயர்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆசிரியர் தேர்வு வாரியம் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும்போது உயிரியல் சார்ந்த இடங்களில் பெரும்பங்கு தாவரவியல், விலங்கியல் என்ற பெயர்களில் வரும். பயோடெக்னாலஜி முதுகலைப் பட்டத்தை விலங்கியலுக்குச் சமமாக எடுத்துக்கொள்வார்களா என்பது சமநிலை அரசாணையைப் பொறுத்தது. அந்த அரசாணையைத் தேடிச் சான்றிதழும் கையுமாகச் சென்னைக்கு அலைந்தவர்கள் உண்டு. சேருவதற்கு முன்பே உங்கள் கல்லூரி தரும் பட்டத்தின் முழுப்பெயரை எழுதிக்கொண்டு, அதற்குச் சமநிலை ஆணை இருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். பட்டப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கூடுதல் சொல்கூட, அலங்காரமாகத் தோன்றினாலும், பின்னால் சிக்கலாகலாம்.

இன்னொரு உதாரணம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை இன்ஸ்பயர் என்ற திட்டத்தில், பிளஸ் டூவில் தங்கள் வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை கொடுத்துவந்தது. தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் எல்லாம் அதன் 18 பாடங்கள் கொண்ட பட்டியலில் இருந்தன. பயோடெக்னாலஜி இல்லை. நல்ல மார்க் எடுத்த பிள்ளை, படிப்பின் பெயர் காரணமாகவே அந்தப் பணத்தைத் தவறவிட நேர்ந்தது. இப்படிப்பட்ட திட்டங்களின் விதி ஆண்டுக்காண்டு மாறும். நீங்கள் சேரும் ஆண்டின் அறிவிப்பில் பாடப்பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

என் யோசனை இது. பி.எஸ்சி.க்கு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் இவற்றில் ஒன்றை எடுங்கள். மரபணுப் பொறியியல், நோயெதிர்ப்பியல், பயோமெடிக்கல் போன்ற தனித்துறைகளை எம்.எஸ்சி.க்கு வையுங்கள். மூன்றாண்டு அடித்தளம் அகலமாக இருந்தால் மேலே எந்தப் பக்கமும் திரும்பலாம். பயோடெக்னாலஜியே வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டால், லேப் உயிரோடு இருக்கும் கல்லூரியாகப் பார்த்துச் சேருங்கள். லேப் இல்லாத பயோடெக்னாலஜி எதற்கும் உதவாது.

எங்கே சேர்வது

நம் ஊரிலிருந்து போகக்கூடிய தூரத்தில் உயிரியல் துறைகள் உள்ள பழைய கல்லூரிகள் பல உண்டு. ஆழ்வார்குறிச்சி ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி, குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி, திருநெல்வேலி ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி, 1923இல் தொடங்கிய பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி. வடக்கே ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரி, சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இணையத்தில் ஒரே விண்ணப்பம். உதவி பெறும் கல்லூரிகளுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும்.

உதவி பெறும் கல்லூரியில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: நான் சேரும் பிரிவு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? வாசல் ஒன்று, கட்டடம் ஒன்று, ஆனால் கட்டணம் வேறு. விலங்கியல் உதவி பெறும் பிரிவிலும் புதிய பெயர்கொண்ட படிப்புகள் சுயநிதிப் பிரிவிலும் இருப்பது வழக்கம். கட்டண ரசீதைப் பார்த்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது என்று சொல்லும் வீடுகள் நம் தெருவிலேயே உண்டு.

எம்.எஸ்சி.க்குப் பல்கலைக்கழக வளாகத்துக்கே போங்கள் என்பேன். தேனி சாலையில் நாகமலையை ஒட்டி இருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறைகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. எம்.கே.சந்திரசேகரன் என்ற பேராசிரியர் அங்கே உயிர்க்கடிகாரத்தை ஆராய்ந்தார். ஆய்வுக்கூடத்துக்கு அவர் வெகுதூரம் போகவில்லை. இருண்ட குகையில் வாழும் இலைமூக்கு வௌவால்களை எடுத்துக்கொண்டார். வெளிச்சமே படாத குகைக்குள் கூண்டில் தனியே வைத்த வௌவாலுக்கு மாலை ஆனது எப்படித் தெரியும்? சுற்றி மற்ற வௌவால்கள் பறந்து போய்வந்துகொண்டிருந்தால் கூண்டு வௌவாலின் கடிகாரமும் அவற்றோடு ஒத்து ஓடியது. அவை இல்லாத குகையில் வைத்தால் அதன் கடிகாரம் தன்போக்கில் விலகி ஓடியது. மாரிமுத்து உள்ளிட்ட மாணவர்களோடு அவர் 1981இல் வெளியிட்ட இந்த ஆய்வை உலகம் முழுக்க உயிர்க்கடிகாரக்காரர்கள் எடுத்துப் பேசினார்கள். செலவு என்ன? குகை, கூண்டு, விடாமல் பதிவெடுக்கும் கருவி, ராத்திரி தூங்காமல் உட்கார்ந்த மாணவர்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் நோயெதிர்ப்பியல் பேராசிரியர் பிச்சப்பன் மதுரை வட்டாரக் கிராமங்களில் சேகரித்த ரத்த மாதிரிகளில், ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக வந்த மிகப் பழைய மனிதக் கூட்டத்தின் தடயமாகக் கருதப்படும் எம்130 என்ற மரபுக்குறி கிடைத்தது. மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸின் ஆவணப்படத்தில் 2002 வாக்கில் உலகமே அதைப் பார்த்தது. இன்றைக்குக் கீழடி, கொந்தகை எலும்புகளிலிருந்து பழைய டி.என்.ஏ.வை எடுக்கும் வேலையும் அங்கேயே மரபியல் துறையில் நடக்கிறது. இந்தியாவின் உயிர்வேதியியல் லேபுகளில் பல ஆண்டுகளாகக் கைமாறிய ஜெ.ஜெயராமனின் செய்முறைக் கையேடும் மதுரையிலிருந்து போனதுதான். ஒரு டியூபில் எத்தனை மில்லி, எவ்வளவு நேரம், எந்த வெப்பம் என்று சமையல் குறிப்பைப் போலச் சொல்லும் புத்தகம். நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் பாருங்கள்.

தெற்கே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் அபிஷேகப்பட்டியில். சுற்றுச்சூழல் அறிவியலுக்கான ஸ்ரீ பரமகல்யாணி மையம் ஆழ்வார்குறிச்சியில், மலையடியில் இருக்கிறது. கடல்சார் அறிவியல் மையம் குமரி மாவட்டம் ராஜாக்கமங்கலத்தில், கடலுக்குப் பக்கம். மலையும் காடும் உங்களை இழுத்தால் ஆழ்வார்குறிச்சியை மறக்காதீர்கள்.

பயோமெடிக்கல்தான் என்று முடிவு செய்தவர்களுக்கு இரண்டு அரசு இடங்களைச் சொல்வேன். ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார் பெயரில் உள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் முதுகலை நிறுவனம். உடற்கூறியல், உடலியங்கியல், மருத்துவ உயிர்வேதியியல், மருந்தியல், நுண்ணுயிரியல், மரபியல், நாளமில்லாச் சுரப்பியியல் என்று மருத்துவத்தின் அடிப்படைத் துறைகள் அங்கே அறிவியல் மாணவர்களுக்குத் திறந்திருக்கின்றன. எம்.பி.பி.எஸ். இல்லாமல் மனித உடலைப் பற்றி இவ்வளவு நெருக்கமாகப் படிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் இதுபோல் இடம் அபூர்வம். இரண்டாவது, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பயோமெடிக்கல் சயின்ஸ் துறை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கும் முதுகலைக்கான கியூட் தேர்வு எழுத வேண்டும். பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையத்திலும் சங்கரன்கோவிலிலும் நின்றுதான் சென்னை போகிறது. தரமணி நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தூரமில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் என்றதும் ஜி.என்.ராமச்சந்திரனைச் சொல்லாமல் போக முடியாது. 1952இல் அங்கே இயற்பியல் துறைக்கு வந்தவர், தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பைத் தேடினார். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த கொலாஜனை எக்ஸ்ரேயில் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இல் மூன்று இழைப் பின்னல் என்ற வடிவத்தை முன்வைத்தார். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோரோடு சேர்ந்து அவர் வரைந்த வரைபடத்தை உலகில் எந்த உயிர்வேதியியல் பாடப்புத்தகத்திலும் இன்று காணலாம். ராமச்சந்திரன் பிளாட் என்றே அதற்குப் பெயர். கிண்டியில், ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த வேலை அது.

அரசுப் பல்கலைக்கழகங்களின் குறைகளையும் மறைக்க மாட்டேன். நிரப்பப்படாத ஆசிரியர் இடங்கள் இருக்கின்றன. பழுதுபார்க்க ஒப்பந்தம் இல்லாமல் துணி போர்த்திக் கிடக்கும் கருவிகள் இருக்கின்றன. தேர்வு முடிவும் சான்றிதழும் தாமதமாகும். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் கேட்டால் போதாது. நீங்கள் சேரும் துறையில் இன்றைக்கு எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எத்தனை பேர் பிஎச்.டி. செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஸ்காலர்கள் நடமாடும் துறையில் ராத்திரி எட்டு மணிக்கும் லேபில் விளக்கு எரியும். கற்றுக்கொள்வது அவர்களிடமிருந்துதான்.

கை

நான் எம்.எஸ்சி. சேர்ந்த புதிதில் மைக்ரோபிப்பெட்டைத் தவறாகப் பிடித்தவன். அதன் கட்டையில் இரண்டு நிறுத்தங்கள் உண்டு. முதல் நிறுத்தம் வரை அழுத்தித் திரவத்தை உறிஞ்ச வேண்டும். வெளியே விடும்போது இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்த வேண்டும். நான் இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்சிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் கூடுதல் திரவம். ஒரு வாரம் புரத அளவு கணக்கு நேர்க்கோட்டில் வரவே இல்லை. பி.எஸ்சி. மூன்றாண்டில் என் கையில் அந்தக் கருவி ஒருமுறைகூடக் கொடுக்கப்படவில்லை. மேசையில் வைத்து ஆசிரியர் செய்து காட்டினார், நாங்கள் முப்பது பேர் சுற்றி நின்றோம். ஒரு சீனியர் அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, கட்டைய எதுவரைக்கும் அமுக்குத?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு எனக்கு உயிரியல் படிப்பு தொடங்கியது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

உங்களுக்கு அப்படி நேர வேண்டாம். பிப்பெட் கையில் கிடைத்த முதல் நாளே தராசுக்குப் போங்கள். 1000 மைக்ரோலிட்டர் தண்ணீர் 1 கிராம் இருக்கும். 100 மைக்ரோலிட்டர் 0.1 கிராம். பத்து முறை எடுத்துப் பத்து முறையும் எடை ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கை பழகவில்லை, அல்லது பிப்பெட் கெட்டுப்போயிருக்கிறது. இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதே ஒரு நல்ல செய்முறை.

கரைசல் கணக்கை விரல்நுனியில் வையுங்கள். சோடியம் குளோரைடின் மூலக்கூறு எடை 58.44. ஒரு லிட்டருக்கு 58.44 கிராம் போட்டால் 1 மோலார். அப்படியென்றால் 250 மில்லி, 0.15 மோலார் கரைசலுக்கு எத்தனை கிராம்? சுமார் 2.19. எம்.எஸ்சி. முடித்து நேர்முகத்துக்கு வரும் பலர் இந்தக் கணக்கில் தடுமாறுகிறார்கள். மரபணு எடிட்டிங் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவருக்கு ஒரு பஃபர் போடத் தெரியாவிட்டால் எந்த லேபிலும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

கல்லூரியில் கருவி இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சமையலறை வெங்காயத்தைத் தண்ணீர் தொடும்படி ஒரு டம்ளர் மேல் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கும். காலையில் அதன் நுனியைக் கிள்ளி அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி நசுக்கினால், கல்லூரி மைக்ராஸ்கோப்பிலேயே செல் பிரிவதைப் பார்க்கலாம். கனிந்த வாழைப்பழத்தைப் பாட்டிலில் போட்டுத் திறந்து வைத்தால் பழ ஈ வந்து முட்டையிடும். பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறை பறக்கும். மரபியலின் பெரும்பகுதி அந்த ஈயின் மேல்தான் வளர்ந்தது. அம்மா திட்டுவார்கள், பாட்டில் வாயைப் பஞ்சால் அடைத்து மாடியில் வையுங்கள்.

இன்னொன்று, நம் ஊரின் மலை. சிவகிரிக்கு மேற்கே நிற்கும் இந்த மேற்குத் தொடர்ச்சி மலையில்தான், கொஞ்சம் வடக்கே மேகமலையில், 1948இல் ஹட்டன் என்பவர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். வேறொரு சாதாரண இனம் என்று சீட்டு ஒட்டி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அது கிடந்தது. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பிறகு தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா எடுத்துப் பார்த்து, இது உலகில் வேறெங்கும் பதிவாகாத தனிப் பேரினம் என்று கண்டுபிடித்து 1972இல் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை வைத்தார். பல்லை எண்ணிப் பார்த்ததில் வெளிவந்த உண்மை அது. காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் கண்மாய்க் கரையும், எலுமிச்சைத் தோட்டமும், கரும்பு வயலும் உங்களுடையவை. நோட்டில் தேதி, நேரம், இடம் எழுதிக் கவனிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

மொழி

தமிழ்வழியில் படித்து வருகிறவர்களுக்கு முதல் பருவம் மூச்சுத் திணறும். நொதி என்று படித்தது என்சைம் ஆகிவிடும், ஆக்குத்திசு மெரிஸ்டம் ஆகிவிடும். இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியல் புத்தகங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படங்களும் பாட வரிசையும் ஒன்றே. கல்லூரி திறக்கும் முன் இருக்கும் கோடை விடுமுறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து, தெரிந்த பாடத்தையே ஆங்கிலத்தில் மறுபடி படியுங்கள். விஷயம் முன்பே தெரியும் என்பதால் சொல் மட்டும்தான் புதிது. நாளுக்கு ஐந்து பக்கம் போதும். தமிழில் புரிந்துகொண்டதை விட்டுவிட வேண்டாம். வைவாவில் திணறும்போது மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்து ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுப்பது வெட்கப்படும் விஷயமே இல்லை.

பணம்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாயும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதல் அதே தொகையும் வருகிறது. வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும்; இல்லாமல் பல மாதம் இழந்தவர்கள் உண்டு. சாதி, வருமானச் சான்றுகளை மே மாதமே தாலுகா அலுவலகத்தில் புதுப்பித்துவிடுங்கள். தாலுகா அலுவலகம் நம் ஊரிலேயே இருக்கிறது. அதுவும் ஒரு வசதிதான்.

நெட்டும் கோடை ஆய்வும்

ஆராய்ச்சிக்குப் போகிறவர்களின் பெரிய வாசல் சி.எஸ்.ஐ.ஆர்.–யூ.ஜி.சி. நெட் தேர்வின் லைஃப் சயின்ஸ் தாள். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண், 13 அலகுகள். மூன்று பகுதிகளில் 145 கேள்விகள் இருக்கும். நீங்கள் எழுத வேண்டியது 75தான். அதில் கடைசிப் பகுதியில் 75 கேள்வி கொடுத்து 25 எழுதச் சொல்வார்கள், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். அந்த 100 மதிப்பெண்தான் தேர்வைத் தீர்மானிக்கிறது. அது மனப்பாடத்துக்கு மசியாது: ஒரு பரிசோதனையைச் சொல்லி, படத்தைக் காட்டி, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்கும். லேபில் கை நனைத்தவர்களுக்கு அது பழகிய பேச்சாக இருக்கும். தவறுக்குக் கால் பங்கு மதிப்பெண் போகும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டு கழித்து 42,000. வீட்டு வாடகைப்படி தனி. "இன்னும் அஞ்சு வருஷம் படிப்பா?" என்று தயங்கும் தகப்பனாரிடம் இந்தத் தொகையைச் சொல்லுங்கள். படித்துக்கொண்டே வீட்டுக்குப் பணம் அனுப்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதற்கும் முன்னால், பி.எஸ்சி. காலத்திலேயே, பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் அகாதமி மற்ற இரு அறிவியல் அகாதமிகளோடு சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு நல்ல லேபில் உதவித்தொகையோடு வேலை. அறிவிப்பு பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். ஏன் இந்த ஆய்வு, இதுவரை என்ன செய்திருக்கிறேன் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். வாழைப்பழ ஈயைப் பற்றியும் கண்மாய் நோட்டைப் பற்றியும் அங்கே எழுதலாம்.

எம்.எஸ்சி. கடைசிப் பருவத்தில் ப்ராஜெக்ட் வரும்போது ஒரு வலை விரிப்பார்கள். நகரத்தில் ப்ராஜெக்ட் சென்டர் என்று பலகை போட்டுக்கொண்டு, பத்தாயிரம், பதினைந்தாயிரம் வாங்கி, பைண்டிங் செய்த ஆய்வறிக்கையையே கொடுத்துவிடுவார்கள். ஜெல் படம்கூட வேறு யாருடையதோ. போகாதீர்கள். துறையில் கெமிக்கல் இல்லையென்றால் கெமிக்கல் குறைவாகக் கேட்கும் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் தெருவில் நூறு வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு கணக்கெடுப்பதும் ஆய்வுதான். நேர்முகத்தில் அதைப் பற்றி எவ்வளவு குடைந்து கேட்டாலும் உங்களால் பதில் சொல்ல முடியும்.

சேர்வதற்கு முன் ஒரு நாள்

வடக்குக்கு ஒரு நாள், தெற்குக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். விண்ணப்பம் போடும் முன் போக வேண்டும். அப்பாவோ அம்மாவோ உடன் வரட்டும். மதுரைக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம், திருநெல்வேலிக்கு எண்பதை ஒட்டி. அதிகாலையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. பரீட்சை நாளாக இல்லாமல், செய்முறை வகுப்பு நடக்கும் நாளாகப் போங்கள். துறைத்தலைவரைப் பார்க்கும் முன் லேபைப் பாருங்கள். ஆட்டோகிளேவ் சூடாக இருக்கிறதா? குளிர்பெட்டியைத் திறந்தால் இந்த மாதத் தேதி போட்ட பிளேட்டுகள் இருக்கின்றனவா? பிப்பெட்டுகள் மேசையில் கிடக்கின்றனவா, பூட்டிய பீரோவுக்குள்ளா? இரண்டாமாண்டு மாணவர் ஒருவரைத் தனியே பிடித்து, "அண்ணே, போன வாரம் நீங்க கையால என்ன செஞ்சீங்க?" என்று கேளுங்கள். லேப் உதவியாளரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். மருந்து எப்போது வரும், எப்போது வராது, எந்த மிஷின் எத்தனை மாதமாக ஓடவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஊர் பெயரைச் சொன்னால் வாஞ்சையாகவே பதில் சொல்வார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பார்த்ததை அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள். ராஜபாளையம் தாண்டி இருட்டுவதற்குள் ஒரு பக்கம் எழுதிவிடலாம். அடுத்த வாரம் தெற்கே போய் வந்து, இன்னொரு பக்கம்.